தங்கையின் வரிசையில் சிவப்புப் புள்ளிகள்

1

ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதற்கு முன் டப்பாவைக் குலுக்க வேண்டும். உள்ளே கிடக்கிற இரும்புக் குண்டு தகரத்தில் மோதிக் கடகடவென்று சத்தம் போடும். கடைத்தெருவில் குலுக்கினால் யாருக்கும் கேட்காது. ஸ்காட்லாந்து மலைச்சரிவில், மரமெல்லாம் வெட்டிக் கொண்டுபோன வெட்டவெளியில், ஒண்டியாக நின்று குலுக்கினால் எதிர்ச்சரிவில் மேய்கிற மான்கூடத் தலை தூக்கிப் பார்க்கும்.

இன்று காலை குலுக்கினேன். மான் பார்த்தது. என் கை நின்றுவிட்டது.

போன தை மாதம் கும்மிடிப்பூண்டியில் இதே சத்தத்தை எழுப்பினேன். இதே சிவப்பு. என் தங்கை ஸ்டெல்லா மூன்று மழைக்காலம் பாடுபட்டு வளர்த்த மரக்கன்றுகளின் மேல் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். ஓராண்டு ஆகிவிட்டது. பொறாமையால் செய்தேன் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பொறாமைக்கு வேர் எங்கெங்கே ஓடியிருந்தது என்று தோண்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

2

என் வேலை எண்ணுவது. “மரம் எண்றதுக்கு ஏரோப்ளேன்ல போனியா?” என்று ஊரில் கேட்பார்கள். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் ஒருவர் தன் சொந்தக் காட்டை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தாளிலேயே, ரம்பம் மரத்தைத் தொடுவதற்கு முன்பே, திரும்ப என்ன நடுவாய், எவ்வளவு நெருக்கமாக நடுவாய் என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நட்டதோடு விட்டுவிடுவதும் இல்லை. சில ஆண்டு கழித்து என்னைப்போல ஒருத்தி முளையும் கயிறும் எடுத்துக்கொண்டு போவாள். முளையை அடித்து, கயிற்றை இழுத்துச் சுற்றிவந்து, அந்த வட்டத்துக்குள் உயிரோடு நிற்பவை எத்தனை என்று எண்ணுவாள். மான் தலைக்குருத்தைக் கடித்திருந்தால் கணக்கில் வராது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருந்தால் வராது. எண்ணி முடித்த வட்டத்தின் நடுவே இருக்கும் கட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு அடுத்த வட்டம். எண்ணிக்கை குறைந்தால் வெட்டியவர் செத்ததற்கெல்லாம் பதில் கன்று நட்டாக வேண்டும். தப்ப முடியாது.

நம் ஊரில் மரத்தை நட்ட அன்றைக்கு எண்ணுகிறோம். மாலை போட்டவர்கள், மண்வெட்டியை மூன்று விரலால் பிடித்தவர்கள், படம் எடுத்தவர்கள் எல்லோரும் கூடி எண்ணுகிறோம். இங்கே எல்லோரும் மறந்துபோன பிறகு எண்ணுகிறார்கள். சட்டம் என்றால் இதுதான் என்று நான் மேடையில்லாமலே பல பேருக்குப் பேசியிருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இந்தக் கன்றுகள்மேல் பொறாமை. முழங்கால் உயரம்கூட வராத ஒரு ஊசியிலைக் கன்று. அது வேர் பிடித்ததா, பனியில் கருகியதா, எலி பட்டையைக் கடித்ததா என்று பார்க்க ஒரு அரசாங்கம் ஆள் அனுப்புகிறது. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் வெல்டர் புருஷனோடு நான் இந்த ஈர நாட்டில் வந்து இறங்கினேன். வேர் பிடித்தாயா என்று கேட்க எவர் வந்தார்? விசாவை நீட்டிக்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சம்பளச் சீட்டைத்தான் கேட்டிருந்தார்கள். நாற்றுப்பண்ணையில் பை கட்டத் தொடங்கி, பரீட்சை எழுதி, எண்ணுகிறவளாக ஆனேன். இன்றைக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். மார்ச் மாதம் வந்தால் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். லார்ச் என்று ஒரு மரம். ஊசியிலை மரம்தான், ஆனால் பனிக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டைக் குச்சியாக நிற்கும். அது எனக்குத் தெரியாது. ஒரு மலை முழுக்க எல்லாம் செத்துப்போச்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் ஹெக்டர் என்னைத் திட்டவில்லை. திரும்ப அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. பசலைக்கீரைத் தண்டுபோலப் பளபளவென்று பச்சை. அன்றிலிருந்து என் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டுவதில்லை. மகள் ஷீபாவுக்குப் பத்து வயதிருக்கும்போது மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் சொல்லிக்கொடுக்கத் தவறிவிட்டது. இது மட்டும் தவறவில்லை.

3

ஸ்டெல்லா என்னைவிட இரண்டு வயது சிறியவள். எங்கள் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். தொழிற்பேட்டை வந்த பிறகு வயலில்லை, ஷிஃப்ட் உண்டு. அவள் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் பெருக்குகிற வேலையில் சேர்ந்தாள். கம்பெனிக்கு இங்கே பெயர் வேண்டாம்.

அந்தக் கம்பெனி இன்னொரு ஷெட் கட்டுவதற்காக, மதிலோரம் பல வருஷமாக நின்ற தூங்குமூஞ்சி, தைலமரம், புங்கன் எல்லாவற்றையும் வெட்டி லாரியில் ஏற்றி மர டிப்போவுக்கு அனுப்பியது. அனுமதி கொடுத்த அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வெட்டிய ஒன்றுக்குப் பத்து வீதம் நட வேண்டும். மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் அதிகாரி வந்து எண்ணும்போது, சொன்ன அளவுக்குக் குறையாமல் உயிரோடு இருக்க வேண்டும். நட்டதை அல்ல, நின்றதை எண்ணுவார்கள். ஸ்டெல்லா போனில் படித்துக் காட்டியபோது நான் துள்ளினேன். எங்கள் மலையின் சட்டம் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டதே என்று.

பெருக்குகிற பெண்களில் ஆறு பேரைப் பிரித்து, ஏரிக்கரைப் பக்கம் இருந்த காலி நிலத்தைக் காட்டி, நடச் சொன்னார்கள். ஸ்டெல்லாதான் தலைவி. நிலமா அது? உலையிலிருந்து கொட்டிய கசடு, கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். ஆறு பேரும் குழிக்குக் குழி அந்தக் கசடை வெட்டி எடுத்து, ஏரியிலிருந்து வண்டல் சுமந்து வந்து கொட்டினார்கள். கேன்டீனில் அரிசி கழுவிய தண்ணீரைக் கேனில் பிடித்து ஊற்றினார்கள்.

கம்பெனி அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. அதிகாரி எண்ணிக்கை பாஸானால் ஆறு பேரையும் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துக் கம்பெனி ரோலில் சேர்ப்பது. நிரந்தரம். பெயர் பொறித்த அட்டை, பஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு. நாற்பத்தாறு வயதில் ஸ்டெல்லாவுக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை.

“நூறு தடவ சொல்லிட்டேன்க்கா, மரம் நின்னா நான் நிப்பேன். மரம் பூட்ச்சுன்னா நானும் பூட்டேன். அவ்ளோதான்.”

போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நிரந்தரம் என்ற சொல் என் காதில் இரும்புக் குண்டுபோல உருண்டது. எனக்கு எவரும் சொல்லாத சொல்.

4

போன பொங்கலுக்கு ஷீபாவை அழைத்துக்கொண்டு போனேன். கல்லூரிக்கு ஒரு பருவம் இடைவெளி விட்டிருந்தாள். இருபது வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பெண். எத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கெஞ்சியிருக்கிறேன், ஒரு வாக்கியம் பேசு, ஒரே ஒரு வாக்கியம் என்று.

மூன்றாம் நாள் காலை சித்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மீஞ்சூர் வரை போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்:

“இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?”

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். பதினைந்து வருஷம் நான் ஊற்றிய தண்ணீருக்குத் துளிர்க்காதது, மூன்று நாள் கேன்டீன் தண்ணீருக்குத் துளிர்த்துவிட்டது.

மறுநாள் ஸ்டெல்லா எங்களை மரம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பூவரசு, புங்கன், நாவல், வேம்பு. கசடின் நடுவே கரும்பச்சையாக, கொழுகொழுவென்று. ஒவ்வொரு கன்றையும் ஒரு குச்சியோடு சேர்த்துப் பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அது அவர்களுடைய ஏற்பாடு. ஆறு பெண்களும் ஆளுக்கொரு புடவையைக் கிழித்து, தன் வரிசைக்குத் தன் துணி. பச்சைப் பூ போட்டது லதாவின் வரிசை. மஞ்சள் கட்டம் இன்னொருத்தியுடையது. கன்று வாடினால் யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை. துணி சொல்லிவிடும்.

ஸ்டெல்லாவின் வரிசையில் நீலம். வெள்ளிக் கோடு ஓடிய நீலம். எங்கேயோ பார்த்த நீலம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். அவளுடைய கல்யாண நாளுக்கு நான் இங்கிருந்து தேடித் தேடி வாங்கி அனுப்பிய புடவை.

“இத கிழிச்சிட்டியாடி?”

“சுத்த நைலானுக்கா. கட்டுனா வேர்த்துக் கொட்து. ஆனா மரத்துக்குக் கட்னா பாரு, மழ வெயிலு எதுக்கும் மக்கல. மூணு வருசமா அப்டியே கீது.”

“நல்லா நெனப்பா அனுப்சாங்க அக்கா,” என்றாள் லதா. “ஆளுக்கு ஆவல, ஆட்டுக்கு ஆச்சு. புயலுக்கு வேலி சாஞ்சப்ப ஆடு பூந்துச்சு இல்ல, இந்தப் பளபளப்பப் பாத்துட்டு மொதல்ல இவ வரிசைக்குத்தான் வந்துச்சுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஷீபாதான் உரக்கச் சிரித்தாள். அவள் என்னோடு திரும்பி வரமாட்டாள் என்பதும் அன்று மாலை தெரிந்தது. ஜூன் மாதம் வரை சித்தியோடு இருக்கப்போகிறாளாம். என்னிடம் கேட்பதற்கு முன் சித்தியிடம் கேட்டிருக்கிறாள். சித்தி சரி என்றிருக்கிறாள். எனக்கு வந்தது தகவல்.

5

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஸ்டெல்லா என்னிடம் வந்து கேட்டாள்:

“அக்கா, உங்க கணக்குல ஒரு தபா எண்ணிப் பாத்துச் சொல்லேன். எது பூட்ச்சோ அந்த எடத்துல பதிலு வெச்சிட்றோம். அவங்க வந்து எண்ணச்சொல்ல பேஜாரு ஆவக்கூடாது.”

நல்ல யோசனை. அதோடு நின்றிருக்கலாம். அவள் பெருமை தாளாமல் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லிவிட்டாள். எல்லோரும் அவரை சேஃப்டி சார் என்பார்கள். மரம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. “எங்க அக்கா பாரின்ல மரம் எண்றவங்க சார். கவர்மெண்ட்டே அவங்க பேச்சத்தான் கேக்கும்.” அவர் ஹெல்மெட்டோடு கிளம்பி வந்துவிட்டார். ஸ்டோரிலிருந்து ஒரு சிவப்பு ஸ்பிரே டப்பாவும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“மேடம், இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டுல பாருங்க. ஃபெயில் ஆனதுல மார்க் பண்ணிடுங்க. நமக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.”

ஐந்து பேரின் வரிசையில் பெரிய குறையில்லை. கடைசியாக நீலம்.

ஆடு கடித்த கன்றுகளை ஸ்டெல்லா அப்படியே விடவில்லை. கோணலாக வளர விடாமல், ஆடி மாத மழைக்கு முன் அடியில் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டிருந்தாள். வெட்டின கட்டையிலிருந்து நேராக, தடியாக, ஒரு முழத்துக்குப் புதுக்குச்சி எழும்பியிருந்தது. வேர் மூன்று வருஷத்து வேர். இனி அதை ஆடு அல்ல, யானை வந்தாலும் அசைக்க முடியாது. எங்கள் மலையிலும் இலை மரத்துக்கு இப்படித்தான் செய்கிறோம். எனக்குத் தெரியும். அடிக்கோடிட்டு எழுதுகிறேன், எனக்கு அது தெரியும்.

நான் டப்பாவைக் குலுக்கினேன்.

“இது உயரம் பத்தாது. கணக்கில் வராது.” ஒரு புள்ளி.

“தலைக்குருத்து இல்லை. வராது.” ஒரு புள்ளி.

“இன்னாக்கா, உயிரோட கீதே? அவங்க தாள்ல உயிரோட இருக்கணும்னுதானே போட்டிருக்கு? உயரத்தப் பத்தி ஒண்ணுமே போடலியே?”

“எங்க ஊர்ல இது வராது ஸ்டெல்லா.”

“எது உங்க ஊரு?”

அடுத்ததற்குப் போனேன். கடகட. புள்ளி. கடகட. புள்ளி. ஊசியிலை மரத்துக்கு எழுதிய விதியைக் கொண்டுபோய்ப் பூவரசின் தலையில் வைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் மனசுக்குள் ஒரு இன்பம் இருந்தது. நகத்தைச் சதைக்குள் அழுத்திக்கொள்ளும்போது வருமே, அந்த மாதிரி. சேஃப்டி சார் பின்னாலேயே வந்து போனில் படம் எடுத்தார்.

வரிசையின் கடைசியில் ஷீபா குந்தியிருந்தாள். நான் அப்போதுதான் புள்ளி வைத்த ஒரு தண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக என் மகள் என்மேல் தமிழில் கோபப்பட்டாள்.

“இது உசுரா கீது. நீதான் சொல்லிக் குடுத்த. நீ பொய் சொல்ற.”

சேஃப்டி சார் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன், அவளுக்கு விவரம் தெரியாது என்று.

6

விளைவு இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா வேலை முடிந்து வந்து, டிபன் டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“நாளைக்கிக் காலைல ஜேசிபி வருது. செவப்பு வெச்சதெல்லாம் புடுங்கிட்டு, மெட்ராஸ்ல இருந்து ஆள் ஒசரம் மரமா லாரில எறக்கி வெக்கப் போறாங்களாம். கான்ட்ராக்ட்டு. பராமரிப்பும் அவங்களே பாத்துப்பாங்களாம். எங்க ஆறு பேருக்கும் பதினஞ்சாம் தேதியோட வேல இல்லன்னு சொல்லிக்கிறாங்க.”

என்னைத் திட்டவில்லை. உன்னால்தான் என்று ஒரு சொல் இல்லை. ஷீபாவுக்குச் சோறு போட்டாள். எனக்கும் போட்டாள். எனக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது மட்டும் போதுமா என்று கேட்கவில்லை.

விடிந்ததும் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். ஏரிக்கரை வாசலில் மஞ்சள் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சேஃப்டி சார் அறைக்குள் போய், நின்றுகொண்டே சொன்னேன்.

“சார், நான் எண்ணினது தப்பு. புள்ளி வெச்சது எல்லாம் உயிரோட இருக்கு. அதைப் பிடுங்காதீங்க. உங்க நிபந்தனைப்படி எல்லாமே கணக்கில் வரும்.”

“மேடம், நீங்கதானே வராதுன்னீங்க?”

“எங்க ஊர் விதியை இங்க போட்டுட்டேன். தப்பு.”

“எக்ஸ்பர்ட் நீங்களே இப்படி மாத்திச் சொன்னா நான் மேல என்ன சொல்றது? எழுதிக் குடுங்க. உங்க சர்டிஃபிகேட் நம்பரோட எழுதிக் குடுங்க.”

எழுதினேன். எண்ணுகிறவளுக்கு அவளுடைய எண்ணிக்கைதான் மானம். இன்ன தேதியில் நான் செய்த கணக்கெடுப்பு தவறானது, தவறு முழுக்க என்னுடையது என்று என் கையால் எழுதி, பதிவு எண் போட்டு, கையெழுத்திட்டேன். ஏன் தவறு நேர்ந்தது என்று ஒரு இடம் விட்டிருந்தேன். அதில் எதை எழுதுவது? வேகத்தில் கவனிக்கவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய்.

ஜேசிபி திரும்பிப் போனது. சென்னை லாரி வரவில்லை. ஆறு பேருக்கும் வேலை போகவில்லை.

ஆனால் சேஃப்டி சார் முந்தின நாளே அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். கன்றுகள் போதிய வளர்ச்சி இல்லை, எண்ணிக்கைக்கு இன்னொரு மழைக்காலம் அவகாசம் வேண்டும் என்று.

“அந்த லெட்டரைத் திருப்பி வாங்க முடியாதா சார்?”

“போனது போனதுதான் மேடம். டைம் கேட்டுட்டு, வேணாம்னு சொன்னா அவங்களுக்கே சந்தேகம் வரும். ஒரு வருஷம்தானே. ரோல் விஷயம் அடுத்த தை மாசம் பாத்துக்கலாம்.”

ஒரு வருஷம்தானே. ஆறு பெண்களின் ஒரு வருஷம். இன்னும் ஒரு கோடைக்குக் கேன் சுமக்கிற வருஷம். இருந்தால் ரோல், இல்லாவிட்டால் தெரு என்று தினமும் எழுந்திருக்கிற வருஷம். அந்த வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நட எதுவும் என்னிடம் இல்லை.

7

போன வாரம் எண்ணிக்கை முடிந்தது. ஷீபா போன ஜூனிலேயே திரும்பி வந்து கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் செய்தி அவளுக்குத்தான் முதலில் வருகிறது. அவள் எனக்குச் சொன்னாள். அதிகாரி ஒரு பெண்ணாம். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, தொட்டு, எண்ணியிருக்கிறார். பழைய சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். “திருஷ்டிப் பொட்டு மேடம்,” என்றாளாம் லதா.

பாஸ்.

ஸ்டெல்லா தன் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். கழுத்தில் நீல நாடா, கண்ணை அகல விழித்த முகம், கீழே பெயர், பெயருக்குக் கீழே எண். ஒப்பந்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது. சத்தியமாக இருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மூலையில் முடிவு தேதி ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் பையில் இருக்கிற அட்டையில் மார்ச் மாதம் போட்டிருக்கிறது.

பார்த்தீர்களா, இன்னும் போகவில்லை. மலையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறோம். எத்தனை வெட்டினால் எத்தனை, எவ்வளவு நெருக்கம், எத்தனை வருஷம். ஒருத்தி இன்னொருத்தியிடமிருந்து வெட்டி எடுத்ததற்கு என்ன நட வேண்டும், எந்த வருஷம் யார் வந்து எண்ணுவார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

8

இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை எழுதிவிடுகிறேன். போன வருஷம் நான் கிளம்பிய காலை.

ஸ்டெல்லாவுக்கு லீவு இல்லை. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் லீவு எடுத்தாலே பெயர் கெடும். ஷீபா வீட்டு வாசலிலேயே கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டாள். சித்திக்கு மதியச் சோறு அவள்தான் ஆக்குகிறாளாம். விமான நிலையத்துக்குப் போகிற டாக்ஸியைக் கம்பெனியின் பின்வாசலில் நிறுத்தச் சொன்னேன். காக்கி மேல்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்டெல்லா வெளியே வந்தாள். கையெல்லாம் வண்டல். உள்ளே எங்கோ இரும்பு உருளுகிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. காவலாளி ஐந்து நிமிஷம் என்று விரல் காட்டினார்.

அதுவரை நாங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

“ஸ்டெல்லா, நான் தெரியாமப் பண்ணல.”

“தெரியும்.”

“கவனிக்காம இல்ல. எல்லாம் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுதான் வெச்சேன்.”

“அதான் தெரியும்ன்றனே. சின்னப் பொண்ணுக்கே தெரிஞ்சுச்சு, எனுக்குத் தெரியாதா?”

“பொறாமைடி. உன் மரத்தப் பாத்து, உன் கையப் பாத்து, ஷீபா உன்கூடப் பேசறதப் பாத்து... நீ நிரந்தரம் ஆயிடுவியேன்னு. என்னால தாங்க முடியல.”

சொல்லி முடித்ததும் அவள் என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தாள். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தாள். பிறகு டாக்ஸியின் பின்கதவைத் திறந்து, என்னை உள்ளே உட்காரவைத்து, கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். டிரைவர் இன்ஜினை முடுக்கினார். ஸ்டெல்லா திறந்த கதவுக்குள் குனிந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அதோடு என்னவோ ஒரு நிம்மதியும் இருந்தது.

“நெஜமாவா சொல்ற?”

“நெஜமா.”

“போக்கா. இருவத்தி ரெண்டு வருசமா, நீ அனுப்ற போட்டோவப் பாத்துப் பாத்து, நான் ஒருத்திதான் வயிறு எரிஞ்சிக்கினு கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” கதவைச் சாத்தினாள். “அடுத்த தபா வா. எண்ண மட்டும் வராத.”